மலைக்குப் போகும் புது நர்சம்மாவுக்கு: வாசலில் நின்று எடுக்க வேண்டிய முடிவுகள்

சேலம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, முதல் பணியிடமே ஏற்காடு வட்டாரம் என்று ஆர்டர் வந்திருக்கிறதா? 20 கொண்டை ஊசி வளைவுகளும் வயிற்றைப் புரட்டுவது சீக்கிரம் பழகிவிடும். வேறொன்று அவ்வளவு சீக்கிரம் பழகாது. பயிற்சிக் காலத்தில் நோயாளி உங்களிடம் வந்தார். இப்போது நீங்கள் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். ஆஸ்பத்திரியில் திரையை இழுத்துவிடலாம், பக்கத்து அறையில் டாக்டர் இருப்பார். இங்கே திண்ணையில் மாமியார், வாசலில் பக்கத்து வீட்டுக்காரி, காப்பிச் செடி ஓரம் பீடியோடு கணவன், கையில் சிக்னல் இல்லாத போன். இதற்கு நடுவே எது சரி, எது தப்பு என்று நின்றபடியே முடிவெடுக்க வேண்டும்.

தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கொள்கைகளைப் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நான்கும் சரிதான். ஒன்றை ஒன்று முட்டும்போது எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் திணறுகிறார்கள். ஃபீல்டில் நடக்கும் தவறுகளில் கெட்ட எண்ணத்தால் நடப்பவை குறைவு என்பது என் எண்ணம். அவசரத்தாலும், டார்கெட் பயத்தாலும், வீட்டாரையே நோயாளி என்று எடுத்துக்கொள்வதாலும் நடப்பவைதான் அதிகம். அதனால் கீழே சொல்லியிருப்பதை அதே வரிசையில் செய்து பழகுங்கள். கொஞ்ச நாளில் வரிசை தானாக வரும்.

1. யாருடைய உடம்பு என்று முதலில் கேளுங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் பேசத் தொடங்குபவர் பெரும்பாலும் உங்கள் நோயாளியாக இருக்கமாட்டார். "எம் மருமவளுக்கு அதெல்லாம் வேண்டாம் நர்சம்மா" என்று மாமியார் சொல்வார். அவருக்கு மரியாதை கொடுங்கள், ஆயா என்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுங்கள், அவர் கொடுக்கும் வரக்காப்பியைக் குடியுங்கள். ஆனால் அவர் சொன்னதை மருமகளின் பதிலாக ரிஜிஸ்டரில் எழுதாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியாக வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பதே ஒரு அறை. "வயிறு பார்க்கணும், கொஞ்சம் கதவைச் சாத்திக்கலாமா" என்றால் யாரும் தடுப்பதில்லை. யூரின் டெஸ்டுக்கு என்று பின்பக்கம் கூட்டிப்போகலாம். எடை பார்க்க சப் சென்டருக்கு வரச்சொல்லலாம். இது பொய் சொல்லிப் பிரிப்பது இல்லை. வயிறும் பார்க்கத்தான் வேண்டும், யூரினும் பார்க்கத்தான் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் "வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா? நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிடுங்கள். முதல் தடவை பதில் வராது. மூன்றாவது தடவை வரும்.

இங்கே பலர் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கும் விஷயம் ஒன்று. 18 வயது நிறைந்த பெண் கருக்கலைப்புக்கு ஒப்புக்கொள்ள அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை. குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கும் துணைவரின் சம்மதம் கட்டாயம் இல்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று வழக்கத்தில் சொல்லித் திருப்பி அனுப்புவது, சட்டம் கொடுத்ததை நாம் பிடுங்கிக்கொள்வதுதான். கூட வந்தால் நல்லது என்று சொல்லலாம். வந்தால்தான் என்று சொல்லக்கூடாது.

2. "வரமாட்டேங்கறா" என்பது காரணம் ஆகாது

ரிவ்யூ மீட்டிங்கில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "கவுன்சிலிங் கொடுத்தாச்சு மேடம், வரமாட்டேங்கறா." அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது பிரசவம், 36 வாரம் முடிந்தாயிற்று, ஹீமோகுளோபின் 8 சொச்சம். வீடு ரோட்டிலிருந்து நடைதூரத்தில் உள்ள ஒரு மலையாளி பழங்குடிக் குக்கிராமம். (கேரளத்துக்காரர்கள் அல்ல, சேர்வராயன் மலையில் காலங்காலமாக இருக்கும், தமிழ் பேசும் மக்கள்.) ராத்திரி வலி எடுத்தால் 108 வந்து சேரும்வரை தாங்குமா என்பது சந்தேகம். இப்படிப்பட்டவர்களுக்காகவே மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதிக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். அவர் வரமாட்டேன் என்கிறார்.

உட்கார்ந்து கேட்டால் என்னென்ன வரும்? காப்பிப் பழம் பறிக்கும் காலம், ஒரு நாள் கூலி போனால் போனதுதான். முதல் இரண்டு பிள்ளைகளை யாரிடம் விடுவது? கணவன் குடிக்கிறான், பெண் குழந்தையை அவனோடு விட்டுவர மனசில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொல்வார்: போன பிரசவத்தின்போது லேபர் வார்டில் யாரோ "கத்தாதே, அன்னிக்குத் தெரியலையா" என்று திட்டியிருக்கிறார்கள். பல சமயம் உண்மையான காரணம் அந்தக் கடைசி ஒன்றுதான். அதற்கு விழிப்புணர்வு நோட்டீஸ் எதுவும் செய்யாது. "இந்தத் தடவை நான் கூட வர்றேன்" என்று சொல்லி, வர முடிந்தால்தான் அது சரியாகும். முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளுக்கு அத்தை வீடு இருக்கிறதா, அங்கன்வாடி டீச்சரிடம் பேசலாமா, ஆஷா (கிராமத்து சுகாதாரப் பணியாளர்) கூட இருப்பாரா என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். ஊர்க்கவுண்டரிடம் (குக்கிராமத்தின் தலைவர்) போய்ச் சொல்லி அழுத்தம் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வண்டிக்கும் ஆளுக்கும் அவர் உதவி கேளுங்கள், தப்பில்லை. அவர் வாயால் அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போடவைக்காதீர்கள். உடம்பு விவரத்தை அவரிடம் சொல்லவே வேண்டியதில்லை.

அத்தனையும் செய்த பிறகும் வரமாட்டேன் என்றால்? மனத்தெளிவுள்ள ஒரு பெண் மறுப்பதற்கு உரிமை உண்டு. உங்கள் வேலை அதோடு முடியவில்லை. ரத்தப்போக்கு, தலைவலி, கண் மங்கல், பனிக்குடம் உடைதல் என்று எந்தெந்த அறிகுறிக்கு உடனே கிளம்ப வேண்டும், யார் போனில் சிக்னல் எடுக்கும், எந்த மேட்டில் நின்றால் எடுக்கும், யார் தூக்கிவருவார்கள், ரோட்டில் வண்டி எங்கே நிற்கும் என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள். மருத்துவ அலுவலரிடம் அன்றே சொல்லுங்கள். ரத்தசோகைக்கான சிகிச்சை அதற்காக நிற்கக்கூடாது. மறுத்தவரைக் கைவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டு வாசலே உங்களுக்கு இல்லை.

3. சட்டம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதைத் தனியாக எடுத்துவையுங்கள்

எல்லாமே உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் கெடாதீர்கள். சில விஷயங்களில் "செய்யலாமா" என்ற கேள்வியே இல்லை, "எப்படி" என்பது மட்டும்தான் உங்களுடையது.

எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது. துணைவருக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை வந்தால் அதற்கு நிபந்தனைகள் உண்டு, அதை டாக்டரோ ஆலோசகரோதான் செய்ய வேண்டும். "பாவம், அந்தப் பொண்ணுக்குத் தெரியணுமே" என்று நீங்களே போய்ச் சொல்லிவிடக்கூடாது. நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) திருப்புங்கள். மருந்து பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள் என்பதும் இதில் சேர்த்தி.

கருவில் ஆணா பெண்ணா என்று கேட்பது, சொல்வது, சொல்லும் இடத்தைக் காட்டுவது எல்லாமே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் மாவட்டத்துக்கு இதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இதே சேலத்தில்தான். "ரெண்டும் பொட்டப்புள்ள, இதையாவது என்னன்னு பாத்துச் சொல்லுங்க அம்மிணி" என்று கெஞ்சுபவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். அவர்மேல் இருக்கும் நெருக்கடியைப் பாருங்கள். பதில் மட்டும் "முடியாது" என்பதே. எந்த ஸ்கேன் சென்டரில் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தால், கேள்விப்பட்டதை எழுத்தில் மேலே அனுப்புங்கள்.

காசநோய் கண்டறியப்பட்டால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிப்பது நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்துக்கு. தெருவுக்கு இல்லை.

இனி, புதிதாக வருபவர்களை அதிகம் உலுக்கும் விஷயம்.

17 வயதுப் பெண், மூன்று மாதக் கர்ப்பம். தாலி கட்டியாயிற்று. பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசின் ஆன்லைன் பதிவு) பதிவுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆதாரில் உள்ள பிறந்த தேதிப்படி வயது 17. அம்மா கிட்டே வந்து மெதுவாகச் சொல்கிறார்: "பத்தொம்பதுன்னு போட்டுக்குங்க நர்சம்மா. ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான் போட்டாங்க."

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழான ஒருவர் பாலியல் குற்றத்துக்கு உள்ளாகியிருக்கிறார் என்று தெரிந்த யாரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. கல்யாணம் ஆகிவிட்டதே என்ற சமாதானம் 2017 அக்டோபருக்குப் பிறகு செல்லாது. 18 வயது நிறையாத மனைவிக்கும் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இல்லை.

இந்தச் சட்டம் மலையில் எப்படி இறங்குகிறது என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. ஒரு வீட்டில் போலீஸ் வந்தால் அடுத்த நாலு வீட்டுப் பெண்கள் வயிற்றை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பார்ப்பார்கள். அந்த பயம் நிஜம். ஆனாலும் வயதைக் கூட்டி எழுதுவது அதற்கு வழி இல்லை. சட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை. 17 என்று எழுதினால்தான் அவள் ஹை ரிஸ்க் பட்டியலில் வருவாள், ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் கூர்ந்து பார்க்கப்படும். 19 என்று எழுதிய அந்த நிமிடமே அவளுக்கு வர வேண்டிய கவனத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள். 17 வயது இடுப்பெலும்புக்கு நாம் எழுதும் பொய் தெரியாது.

செய்ய வேண்டியது இப்படி. முதலில் அவளைப் பரிசோதியுங்கள். எந்தச் சிகிச்சையும் புகாருக்காகக் காத்திருக்கக்கூடாது. பிறகு தனியாகப் பேசுங்கள். விருப்பப்பட்டா, கட்டாயமா, அடி உண்டா, இந்தக் கர்ப்பம் தொடர வேண்டும் என்று அவள் நினைக்கிறாளா? இந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள். அடுத்து, தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் போய், மறுநாள் ஜீப் வந்தால், அந்த ஊரில் உங்களை யாரும் நம்பமாட்டார்கள். அதே நாளில் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்; உதவிக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்) இருக்கிறது. ஊர்ப் பெரியவர், கவுன்சிலர், எஸ்டேட் மேஸ்திரி யாருக்கும் இது தெரிய வேண்டியதில்லை.

கர்ப்பத்தைக் கலைக்க விரும்பினால் நாள் தள்ளாதீர்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்யலாம். சிறுமிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் சேர்ந்து 24 வாரம் வரை. 18 வயது ஆகாததால் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல வீடுகள் போலி டாக்டரிடம் ஓடுவது இந்த வழி தெரியாமல்தான். இதை நீங்கள் சொன்னால் ஒரு உயிர் மிஞ்சலாம்.

புகார் போன மறுவாரம் அந்த வீட்டுக்குத் திரும்பப் போங்கள். வசவு விழும். வாங்கிக்கொண்டு பி.பி. பாருங்கள்.

(கல்யாணம் இன்னும் நடக்கவில்லை, பத்திரிகை அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலை சுலபம்: 1098, அல்லது மாவட்ட சமூகநல அலுவலகம். தாலி ஏறுவதற்கு முன் செய்யும் ஒரு போன் பின்னால் வரும் இத்தனை வேதனையையும் மிச்சப்படுத்தும்.)

4. மிச்சம் இருப்பதில், குறைந்த பலவந்தம் உள்ள வழியை எடுங்கள்

ஊர் நலனுக்காக ஒருவரின் விருப்பத்தில் கைவைக்க வேண்டி வரும். அப்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை: இது இல்லாமல் காரியம் ஆகாதா? இதைவிட மென்மையான வழி இருக்கிறதா? வரப்போகும் நன்மைக்கு இந்தத் தொல்லை தகுமா? அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேனா?

மலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்குவோம். சேலம் நகரத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் நெசவாளர் தெருக்களில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்றே அங்கே எல்லாரும் உரக்கப் பேசிப் பழகியிருப்பார்கள். நீங்களும் அந்தத் தொண்டையிலேயே வாசலில் நின்று, "டி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் முடிந்தது. முதலாளி பாவு (தறியில் ஏற்றும் நூல்) கொடுக்க யோசிப்பார், மகளுக்கு வரும் வரன் நின்றுபோகும். தொற்றைத் தடுப்பது ஊருக்கு நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தால் போதும், தெருவுக்குத் தெரிய வேண்டாம். எல்லா வீட்டுக்கும் சர்க்கரை, பி.பி. பார்க்கும் நாளில் அந்த வீட்டுக்கும் போனால் கேள்வி வராது. சளி மாதிரி டப்பாவைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறையும் என்பதை வீட்டாருக்குச் சொன்னால், தனித் தட்டு தனி டம்ளர் என்று ஒதுக்குவதும் குறையும்.

காசநோயாளியின் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது அல்லவா (2024 நவம்பருக்கு முன் 500), அது நோயாளியின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். மருமகளுக்கு நோய், மாமனார் கணக்கில் பணம் என்றால் முட்டை யார் தட்டில் விழும் என்று உங்களுக்கே தெரியும்.

தடுப்பூசி மறுப்பவர்கள் விஷயமும் இதே ரகம். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும்போது வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனை பெற்றோர் தயங்கினார்கள் என்பது மூத்த செவிலியர்களைக் கேட்டால் தெரியும். மிரட்டி வாங்கிய சம்மதம் முதல் காய்ச்சலோடு போய்விடும். பென்டாவேலன்ட் (குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசி) போட்டால் அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், தொடை வீங்கலாம் என்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சிலர் மறைப்பார்கள். சொல்லாமல் போட்டு, குழந்தை ராத்திரி முழுக்க அழுதால், அடுத்த மாதம் உங்களைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள்.

மிரட்டலில் சில வகைகள் நம் துறையில் சாதாரணமாகிவிட்டன. "காப்பர் டி போட்டுக்கிட்டாதான் முத்துலட்சுமி ரெட்டி பணத்துக்குக் கையெழுத்து." "ரேஷன் கார்டுல பேர் எடுத்துருவாங்க." இரண்டும் தவறு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அரசு வைத்திருக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. அதன்மேல் சொந்தமாக ஒன்றைச் சேர்க்க நமக்கு அதிகாரம் இல்லை. பிரசவ வலியில் இருப்பவரைக் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனத்துக்குத் தலையாட்ட வைப்பதும் சம்மதம் ஆகாது. கர்ப்பகாலத்திலேயே பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. மேலே இருப்பவர்கள் எண்ணிக்கை கேட்பார்கள். "இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வசவு வாங்குவது, ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்குள் அவளுக்குத் தெரியாமல் ஒன்றை வைப்பதைவிட மேல்.

5. தனியாக முடிவு செய்யாதீர்கள்

பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், மருத்துவ அலுவலர் என்று உங்களுக்கு மேலே படிக்கட்டு இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்துபோய் ஒரு போன் செய்வது அவமானம் இல்லை. "எனக்கு இதில் குழப்பமாக இருக்கிறது" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். யோசனை கேட்கும்போது பெயர், ஊர் இல்லாமலே பெரும்பாலும் கேட்டுவிடலாம். மேலதிகாரி தப்பானதைச் செய்யச் சொன்னால்? "எழுத்தில் கொடுங்கள் மேடம்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே கரைந்துவிடும்.

6. பார்த்ததை எழுதுங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

ஒரு ரிஜிஸ்டரைப் புரட்டும்போது வரிசையாக 110/70, 110/70, 120/80, 110/70 என்று இருந்தால் அந்தச் செவிலியர் பி.பி. கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை என்று அர்த்தம். மழை, வழுக்கும் பாதை, நாலு குக்கிராமம், சாயங்காலத்துக்குள் ஆன்லைன் பதிவு என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அந்த வரிசையில் ஒருத்திக்கு உண்மையில் 150/100 இருந்திருக்கலாம். 140/90ஐத் தொட்டாலே அடுத்த வேலைகள் தொடங்க வேண்டும். பொய்யான 110/70 அந்தக் கதவை மூடிவிடுகிறது. ஹீமோகுளோபினும் அப்படியே: 7-க்குக் கீழ் என்றால் கடுமையான ரத்தசோகை, உடனே மேல்சிகிச்சை. அதை 9 என்று எழுதுவது எழுத்துப் பிழை ஆகாது. பார்க்க முடியாத நாளில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். திட்டு விழும், அந்தத் தாய்க்கு மறுநாளாவது யாராவது பார்ப்பார்கள். தாய் இறப்பு ஆய்வு நடக்கும் நாளில் முதலில் மேசைக்கு வருவது இந்தக் காகிதங்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவர் மறுத்தால், என்ன சொன்னோம், அவர் என்ன காரணம் சொன்னார், யாரிடம் தெரிவித்தோம், எப்போது திரும்பப் போகிறோம் என்பதை நாலு வரியில், தேதி நேரத்தோடு எழுதுங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒற்றை வார்த்தை யாருக்கும் உதவாது.

போட்டோ. இப்போது எல்லாவற்றுக்கும் ஜி.பி.எஸ். போட்டோ கேட்கிறார்கள். முகாமைக் காட்டப் பெஞ்சு, பேனர், ஊசிப் பெட்டி போதும். தாய்ப்பால் கொடுப்பவரின் முகம் வேண்டாம். முகம் வந்தே ஆக வேண்டும் என்றால் எங்கே போகும் என்று சொல்லிக் கேளுங்கள். ஹை ரிஸ்க் மதர் லைன் லிஸ்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வார்டு மெம்பரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

7. எந்தக் குக்கிராமத்தை விடுகிறீர்கள் என்று பாருங்கள்

நீதி என்பது நமக்கு ரூட் சார்ட்டில் இருக்கிறது. ஒரு நாளில் எல்லா இடத்துக்கும் போக முடியாது; ஏதாவது ஒன்று விடுபடும். விடுபடுவது எப்போதும் அதே கடைசிக் குக்கிராமமா? ஏற்காடு டவுனில் சர்க்கரை மாத்திரை தீர்ந்தவர் போன் போட்டு வாங்கிக்கொள்வார். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பத்துக்கு உங்கள் பெயரே தெரியாது. அந்தக் குழந்தை எந்த லிஸ்டிலும் இருக்காது. மாதத்துக்கு ஒரு முறை வரிசையைத் திருப்பிப் போட்டு, கடைசி ஊரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பறிப்புக் காலத்தில் காலை பத்து மணிக்குப் போய் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதுவதற்கு, போகாமலே இருக்கலாம். அவர்கள் தோட்டத்தில் இருக்கும் நேரம் அது. ரைட்டரிடம் (தோட்டக் கணக்கர்) கேட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்துக்கே போங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். மலையில் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். இரண்டு ஆரஞ்சு, ஒரு பலாச்சுளைப் பொட்டலம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்; மறுத்தால் மனசு நோகும். பிரசவம் முடிந்த சந்தோஷத்தில் திணிக்கும் நூறு ரூபாய் நோட்டு வேண்டாம். திட்டப் படிவத்தில் கையெழுத்துக்கு முன்னால் வரும் ஒரு படி மிளகு கண்டிப்பாக வேண்டாம். அது அன்பால் வருவதில்லை. கொடுக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

மாறுதல் வந்து கீழே இறங்கும்போது, அடுத்து வருபவரிடம் ரிஜிஸ்டரோடு வாய்மொழியாகவும் சிலது சொல்ல வேண்டியிருக்கும். எந்த வீட்டில் அடி விழுகிறது, யாரிடம் தனியாகத்தான் பேச வேண்டும், எந்த மேட்டில் சிக்னல் எடுக்கும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். எவள் யாரோடு ஓடிப்போனாள், எந்த மாமியார் வாயாடி என்பதை அவர் தானாகவே தெரிந்துகொள்வார்.